உடையப்பன் வீட்டுக் காரின் விளக்குகள்

புஷ்பலதாவின் வேலை கல்லறைக் கல் தேய்ப்பது. ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்பு மலையடியில் இருக்கும் ஒரு பளிங்குப் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்கிறாள். சீனர்களின் சமாதிகளுக்குப் போகும் கற்கள் அங்கே தயாராகும். பெரிய பரப்பை மெஷின் மெருகேற்றிவிடும். விளிம்பும் மூலையும் எழுத்து வெட்டிய பள்ளங்களின் ஓரமும் மெஷினுக்கு எட்டாது. அங்கே இவள் கை போகும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, அதைவிட மெல்லியது, அதைவிடவும் மெல்லியது என்று மாற்றிக்கொண்டே வந்து, ஈரக் கல்லில் தன் முகம் தெரிகிறவரை தேய்ப்பாள். விரல் ரேகையெல்லாம் அதிலேயே போய்விட்டது. வங்கியில் ரேகை வைக்கச் சொல்லும் மெஷின் அவளை ஒரு தடவைகூட அடையாளம் கண்டுகொண்டதில்லை.

நானும் அவளும் ஒரே தாமான், அதாவது ஒரே குடியிருப்பு, ஒரே வரிசை. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, தோட்டத்தை விற்றபோது லயத்துக்காரர்களுக்கென்று கட்டிக்கொடுத்த மலிவு வீடுகள். பெரிய ரோட்டிலிருந்து தாமானுக்கு வரும் கிளைப்பாதையின் இரண்டு பக்கமும் செம்பனை நிற்கிறது. அந்தப் பாதையில் பாதி தூரத்துக்கு விளக்குக் கம்பம் கிடையாது. மனுக் கொடுத்தோம், எங்கள் தொகுதி உறுப்பினர் ஒய்பி வந்து பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இப்போதும் கிடையாது. எங்களையெல்லாம் வேலைக்கு ஏற்றிப் போகும் வேன் தாமானுக்குள் வராது. விடியுமுன்னே அந்தப் பாதையில் நடந்து பெரிய ரோட்டுக்குப் போய் நிற்போம்.

அவள் புருஷன் தனேஸ்வரன் ஒரு கிடங்கில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை பார்த்தார். பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை சமையல் மட்டும் அவர் பொறுப்பு, அன்றைக்கு அடுப்படிக்குள் வேறு யாரையும் விடமாட்டார். இரண்டு வீடு தள்ளி உடையப்பன். லோரி ஓட்டி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், மகள் விமலாவோடு இருந்தார். இவர்கள் இருவருக்கும் நல்ல பழக்கம். சாயங்காலம் ரோட்டோர ஒட்டுக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ குடிப்பார்கள். இருவரில் யாரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

உடையப்பனிடம் ஒரு பழைய நீல நிறக் கார் இருந்தது. அதில்தான் விமலாவைத் தினமும் காலையில் பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோய், தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்புவார். காரை வீட்டு முன்னால் வெயிலில்தான் நிறுத்துவார். வருஷக்கணக்கில் வெயில் தின்று, முன்விளக்குகளின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகி, மேலே பால் ஊற்றியதுபோல் மங்கிவிட்டது. அவரும் எப்போதாவது பற்பசை வைத்துத் துடைப்பார். இரண்டு வாரம் கொஞ்சம் தெளிவாக இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். இங்கே பாதிக் கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை. எங்கள் பக்கம் ஆறரைக்கும் இருட்டு விலகாது. அன்றைக்குத் தூறலும் இருந்தது. தனேஸ்வரன் வேலைக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் மோட்டார் சைக்கிளின் பின்டயர் காற்றுப் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எஞ்சின் ஓடாததால் பின்விளக்கு எரியவில்லை. விமலாவை இறக்கிவிட்டு அதே பாதையில் திரும்பிய உடையப்பன், வளைவில் அவரைப் பார்க்கவில்லை. கார் பின்னாலிருந்து அடித்தது.

உடையப்பனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது வரும்வரை தனேஸ்வரனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஈப்போ ஆஸ்பத்திரியில் தனேஸ்வரன் இறந்துபோனார்.

சாவு வீட்டுக்கு உடையப்பன் வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே கால்வாய் ஓரமாக நின்றார். புஷ்பலதாவின் ஒரே மகன் ரூபன் அவரைப் பார்த்துவிட்டான். இருபத்து நாலு வயதுப் பையன், ஈப்போவில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. வேட்டி ஈரத்தோடு கொள்ளிச்சட்டி தூக்கத் தயாராக நின்றவன், நேரே கேட்டுக்குப் போனான்.

"போயிருங்க. இங்க நிக்காதீங்க."

"தம்பி..."

"மாமான்னு கூப்பிட்டவன் நானு. இப்ப கை ஓங்க வைக்காதீங்க. போங்க."

உடையப்பன் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒட்டுக்கடைக்கு வந்து யாரும் பார்க்கவில்லை.

கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்குப் போட்டார்கள். உடையப்பன் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டார். போலீஸ்காரர் விவரத்தை மலாயில் படித்தபோது நானும் புஷ்பலதாவும் பின்பெஞ்சில் இருந்தோம். ஈரப் பாதை, விளக்குக் கம்பம் இல்லை, மோட்டாரில் பின்விளக்கு எரியவில்லை, காரின் இரண்டு லம்புவும் காபூர். லம்பு என்றால் விளக்கு, காபூர் என்றால் மங்கல். அபராதம் போட்டு லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

வெளியே, இன்ஷூரன்ஸ் விஷயத்தைப் பார்க்கும் வக்கீல் தன் கோப்பைத் திறந்து போட்டோக்களைக் காட்டினார். ஒரு பக்க விளக்கு உடைந்திருந்தது. மறுபக்க விளக்கு முழுசாக, கேமராவை நேராகப் பார்த்தபடி இருந்தது. புஷ்பலதா அந்தப் படத்தைக் கையில் வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். வக்கீல் நீட்டிய கை அப்படியே இருந்தது, அவள் படத்தைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆனது.

வேனில் வரும்போது என்னிடம் சொன்னாள்: "அது அரைநாள் வேலைடி."

"எது?"

"அந்த லம்பு. மேலாப்புலதான் கெட்டிருக்கு. தாளு போட்டுத் தேச்சா போயிரும். அரைநாள்."

அவள் தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தெனமும் அந்தக் காடியத் தாண்டித்தான போறேன், வாரேன். கல்லுல ஒரு மயிரு மாதிரி கீறல் இருந்தாலும் எனக்குத் தெரியும். இது தெரியலியே."

"உன் காடியா அது? உனக்கு எதுக்கு தெரியணும்?" என்றேன். எங்கள் பேச்சில் காருக்குக் காடி என்றுதான் பெயர்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பற்றி மறுபடி பல மாதம் பேசவில்லை. வேலைக்கு வந்தாள், போனாள், இளைத்தாள். ரூபன் வீட்டில் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அடுப்பே எரியாது. நான் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு பேரும் வாங்கிக்கொள்வார்கள், யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாது.

போலீஸ் விடுவித்த கார் திரும்பி வந்து, உடையப்பன் வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கொஞ்ச காலம் கிடந்தது. அதை விற்றுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வாங்க ஆள் வரவில்லை. பிறகு விமலாவின் தொழிற்சாலை பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. அவள் உடைந்த விளக்குக்குப் பதில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, தானே காரை எடுத்தாள். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை, வேலையை விட்டால் வீட்டில் வருமானம் இல்லை. வாங்கி மாட்டிய விளக்கும் மஞ்சள்தான்.

ஒரு நாள் காலை நானும் புஷ்பலதாவும் பெரிய ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். பின்னால் கார் சத்தம் கேட்டுத் திரும்பினோம். வெளிச்சம் ரோட்டில் விழவே இல்லை. இரண்டு மங்கல் வட்டங்கள் மட்டும் இருட்டில் நெருங்கி வந்தன. நாங்கள் புல்லுக்குள் இறங்கி நின்றோம். கார் எங்களைத் தாண்டிப்போய்ச் சட்டென்று பிரேக் அடித்து நின்றது. எங்களை அவள் தாண்டிய பிறகுதான் பார்த்திருக்கிறாள். கண்ணாடியை இறக்கி விமலா தலையை நீட்டினாள். ஏதோ சொல்ல வந்து, புஷ்பலதாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள்.

அந்த வாரமே புஷ்பலதா வேலையைத் தொடங்கினாள். முதலில் கை வைத்தது ரூபனின் காரில். அதன் விளக்கும் நல்ல நிலையில் இல்லை. பட்டறையிலிருந்து மீந்த உப்புத்தாள் துண்டுகளைக் கொண்டுவந்தாள். கல்லைத் தேய்ப்பதுபோலவே தண்ணீர் ஊற்றித் தேய்த்து, கடைசியில் மெருகுப் பசை போட்டுத் துணியால் பளபளப்பாக்கினாள். புது விளக்கு மாதிரி ஆகிவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு ரூபன் அன்றைக்குத்தான் அம்மாவிடம் சிரித்துப் பேசினான்.

அந்தப் பளபளப்பு நிற்கவில்லை. நாலைந்து மாத வெயிலில் மறுபடி மஞ்சள் படர்ந்தது, முன்னைவிட வேகமாக. சுங்கை சிப்புட் பெயிண்ட் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேதான் காரணம் சொன்னார். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பிளாஸ்டிக்குக்கு மேலே வெயிலைத் தாங்கும் ஒரு பூச்சு இருக்கும். கெட்டுப்போன பூச்சைத் தேய்த்து எடுத்தால் மட்டும் போதாது, புதுசாக ஒன்றைப் பூசவேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வெயிலில் அம்மணமாக நிற்கும் என்றார். அவர் கொடுத்த ஸ்பிரே டின்னை வாங்கிவந்து, மறுபடி கண்ணாடிபோல் மெருகேற்றி அதன்மேல் அடித்தாள். சில வாரத்தில் அது ஓரத்திலிருந்து தோல்போல் உரிந்து வந்தது. மெருகேறிய வழுவழுப்பில் பூச்சு பிடிக்கவில்லை. கல் தேய்த்த கைக்கு இது ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. மெல்லிய தாளோடு நிறுத்திவிட வேண்டும், மங்கலாகவே விட்டுவிட வேண்டும், எண்ணெய்ப்பசை போக ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அந்த மங்கலின் மேலேயே அடிக்கவேண்டும். பூச்சு விழுந்த பிறகுதான் தெளிவு வரும். மூன்றாவது தடவை அப்படிச் செய்தாள். அது நின்றது.

"இப்ப சரியா வந்திருச்சு," என்றாள் ரூபனிடம். "ஞாயித்துக்கெழம விமலா காடிக்குச் செய்யலாம்னு இருக்கேன்."

நான் அப்போது அவர்கள் வீட்டில் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன். ரூபன் எழுந்து நின்றான்.

"எந்தக் காடிக்கு?"

"காதுல விழுந்துச்சில்ல."

"அப்பாவ அடிச்ச காடிம்மா அது."

"தெரியும்."

"அதுக்குத்தான் என் காடிய வச்சுப் பழகுனீங்களா இவ்வளவு நாளும்?"

அவள் மீந்த உப்புத்தாள்களை அடுக்கி வைத்தாள்.

"அந்தப் புள்ள இருட்டுல ஓட்டிக்கிட்டுப் போவுது," என்றாள். "அந்த ரோட்டுலதான் நாங்கள்லாம் நடக்கிறோம். இன்னொரு வீட்டுல எழவு விழணுமா?"

"விழட்டும். காடிய விக்கச் சொல்லுங்க. பஸ்ல போகச் சொல்லுங்க. நீங்க போய் அந்த வீட்டு வாசல்ல குந்தித் தேய்ப்பீங்க, அவரு உள்ளருந்து பாத்துக்கிட்டு இருப்பாரா?" அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "நீங்க போனா நான் இங்க இருக்க மாட்டேன்லா. சும்மா சொல்லல."

அவள் சோற்றுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சோறு ஆறுது, சாப்புடு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாளியும் தாளும் எடுத்துக்கொண்டு அவள் போனாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிப்போனாள். கேட்டைத் தட்டியதும் விமலா வெளியே வந்தாள். எங்களைப் பார்த்தவள் கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி... என்னா ஆன்ட்டி?"

"காடி லம்புவத் தேச்சுத் தரேன். பைப்பு எங்க இருக்கு?"

விமலாவுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னபோது அழ ஆரம்பித்துவிட்டாள். புஷ்பலதா அவளைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு, "வெயிலு ஏறுறதுக்குள்ள தொடங்கணும். காடிய நெழல்ல தள்ளு," என்றாள்.

விளக்கைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சுற்றிலும் இருந்த பெயிண்ட் கீறாமல் டேப் ஒட்டினாள். முதலில் மாற்றி வைத்த விளக்கைத் தேய்த்தாள். அது முடிந்த பிறகு மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். அந்த விளக்குதான் போட்டோவில் இருந்தது. கொஞ்ச நேரம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வேண்டுமானால் திரும்பிப் போய்விடலாம் என்றேன் நான். தலையை அசைத்துவிட்டு முரட்டுத் தாளைத் தண்ணீரில் நனைத்தாள்.

தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகத் தண்ணீர் வழிந்தது. பம்பரில் ஓடி, சிமெண்டுத் தரையில் சொட்டியது. கெட்ட பூச்சு முழுதும் போனபோது விளக்கு முன்னைவிட மோசமாக, உறைந்த பனிக்கட்டிபோல் வெளுத்துத் தெரிந்தது.

"கெட்டுப்போச்சா ஆன்ட்டி?" என்றாள் விமலா மெல்ல.

"இப்டித்தான் ஆவும். தண்ணி ஊத்து."

விமலா குழாயை எடுக்கத் திரும்பும்போது உடையப்பன் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது, தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. மகள் கையிலிருந்து ரப்பர்க் குழாயை வாங்கிக்கொண்டு வந்து, விளக்கின்மேல் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டார். புஷ்பலதா தலையைத் தூக்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் அங்கும் இங்கும் சிதறி, இவள் சேலையெல்லாம் நனைந்தது.

"தங்கச்சி," என்றார்.

"அண்ணே, மன்னிப்புக் கேக்காதீங்க. நான் அதக் குடுக்க வரல. என்கிட்ட அது இல்ல."

"கேக்கல. வேற ஒண்ணு சொல்லணும். சொல்லவே முடியாமப் போயிருமோன்னு நெனச்சேன்."

அவள் கை நின்றது.

"அன்னிக்கு அவனுக்கு நெனவு இருந்துச்சு. கொஞ்ச நேரம்தான். மடியில போட்டிருந்தேன். நான் கத்துறேன், அழுவுறேன். அவன் என்னையப் பாத்து, 'மோட்டரு ரோட்டுல கெடக்குண்ணே, ஓரமாத் தள்ளுங்க, யாராச்சும் வந்து விழுந்துருவாங்க'ன்னான். நான் அவன விட்டுட்டு எந்திரிக்க மாட்டேன்னு சொன்னேன். 'தள்ளிட்டு வாங்க'ன்னான். தள்ளிட்டு வந்து பாத்தேன், கண்ண மூடிட்டான். அதுக்கப்புறம் பேசல."

குழாயிலிருந்து தண்ணீர் தரையில் போய்க்கொண்டிருந்தது. விமலா போய் மூடினாள். புஷ்பலதா வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள். புருஷன் கடைசியாக என்ன சொன்னார் என்பதுதான் இத்தனை மாதமும் அவள் கேட்க விரும்பிய ஒரே விஷயம். கேட்பதற்கு இருந்த ஒரே ஆளிடம் அவளால் போக முடியவில்லை.

"என்னைய... ரூபன... ஒண்ணும் கேக்கலியா?"

உடையப்பன் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்ல தங்கச்சி. அவ்வளவுதான் சொன்னான்."

அவள் குனிந்து அடுத்த தாளை எடுத்தாள். ஒரே தாளத்தில், இடம் வலமாக, பிறகு மேலும் கீழுமாகத் தேய்த்தாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து விளக்கில் விழுந்தது. அதையும் சேர்த்துத் தேய்த்தாள்.

மெல்லிய தாள் முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு முகமூடி போட்டுக்கொண்டு ஸ்பிரே அடித்தாள். வெளுப்பு கண்ணெதிரே கரைந்தது. உள்ளே இருக்கும் பல்பும் வெள்ளி நிறக் கிண்ணமும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு கைப் பூச்சு காய்ந்த பிறகு அடுத்த கை அடிக்கவேண்டும், நடுவில் தூசு படக்கூடாது. அதனால் நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்ன வாசலில், ஆளுக்கொரு பக்கமாகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விமலா தேநீர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். புஷ்பலதாவின் கோப்பை அவள் பக்கத்தில் தரையிலேயே இருந்தது. ஆடை படிந்து, அதில் ஓர் எறும்பு விழுந்து, கடைசியில் விமலா எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள்.

கிளம்பும்போது புஷ்பலதா விமலாவிடம் மட்டும் பேசினாள். "நீ வாங்கிப் போட்டது உள்ளுக்குள்ள தண்ணி எறங்கிப் புகைஞ்சிருக்கு. அத வெளியருந்து ஒண்ணும் செய்ய முடியாது. சம்பளம் வந்ததும் வேற மாத்து. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் தண்ணி படாமப் பாத்துக்க. இனிமே வெயில்ல நிறுத்துனா முன்னால துணி போட்டு மூடு. ரெண்டு வருசத்துல மறுபடி மங்கும், அப்ப சொல்லு."

வீட்டுக்கு வந்தபோது ரூபன் இல்லை. துணியும் கருவிப் பெட்டியும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டான். பினாங்குப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை எடுத்துக்கொண்டு, சிநேகிதர்களோடு வாடகை வீட்டில் தங்கிவிட்டான். தலைத் திவசத்துக்கு வந்தான். பிண்டம் வைத்தான், காக்கைக்குச் சோறு வைத்தான், இலையில் உட்காராமல் புறப்பட்டான். தீபாவளிக்கு வரவில்லை.

தாமான் ஆட்கள் பலவிதமாகப் பேசினார்கள். அவளுக்கு மனசு பெரிசு என்றார்கள் சிலர். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். உடையப்பன் வீட்டில் பணம் வாங்கிக்கொண்டாள் என்றும் ஒரு பேச்சு ஓடியது. யார் என்ன பேசினாலும், அடுத்த மாதமே ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து அவள் வாசலில் நிறுத்தினார். பிறகு இன்னொருவர். அவள் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை, யாரோடும் உட்கார்ந்து பேசியதும் இல்லை. நன்றி சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "தள்ளி நில்லுங்க, தூசு விழும்," என்பாள்.

உடையப்பனுக்கு லைசென்ஸ் நிறுத்திவைத்த காலம் முடிந்தது. அவர் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மகள் ஓட்டினாலும் அந்தக் காரில் ஏறமாட்டார். கடைக்குப் போவதென்றாலும் வெயிலில் நடந்து போய், நடந்து வருவார். வளைவு வந்தால் பாதையின் அந்தப் பக்கம் கடந்துவிடுவார். சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் சொன்ன மருந்துகளை விமலா எடுத்துக் கொடுத்தால் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார், பிறகு அவை தலையணைக்கு அடியில் கிடக்கும். போன மழைக்காலத்தில் ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை.

விமலா முதலில் வந்தது புஷ்பலதா வீட்டுக்கு. நைட்டியோடு, செருப்பில்லாமல் ஓடிவந்தாள். புஷ்பலதா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், உடையப்பனின் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். தன் புருஷனுக்கு இதைச் செய்ய அவளுக்கு வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாவற்றையும் முடித்துத்தான் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பட்டறையில் வேலை செய்யும்போது இருக்கும் முகம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தபோது ரூபன் போன் செய்தான். யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், காது சரியாகக் கேட்காது. பட்டறைச் சத்தத்தில் போன காது.

"அங்க போனீங்களாம்."

"போனேன்."

"நீங்கதான் கட்டெல்லாம் கட்டுனீங்களாம்."

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியல. வேற பொம்பள யாரும் இல்ல."

மறுபக்கம் லோரி போகும் சத்தம் கேட்டது. அவன் ஏதோ ரோட்டோரம் நின்று பேசுகிறான்.

"நான் எப்பவும் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்மா. செத்தாலும் போக மாட்டேன்."

"சரிடா. உன்னப் போகச் சொல்லல."

"நீங்க செஞ்சது எனக்குப் புடிக்கல. இன்னமும் புடிக்கல."

"தெரியும்."

மறுபடி ஒரு லோரி கடந்து போனது. பிறகு, "சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்து குளிச்சீங்களா?" என்றான்.

"குளிச்சேன்."

"ஈரத் தலையோட படுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் போனை மேசையில் வைத்தாள். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தலையைத் துவட்டாமல், வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.